ஒரகடத்திலிருந்து கப்பலுக்கு: ஆன்லைன் படிப்பு எதுவரைக்கும் கூட்டிட்டுப் போகும்?

ஹெட்போன் மாட்டிக்கிட்டு கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் தனியா ஒரு வணக்கம். ஏன்னா இன்னைக்குப் பேசப்போற விஷயம் நீங்க தினமும் போகிற ரோட்டில்தான் ஆரம்பிக்குது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். புது கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு நீளமான டிரெய்லர் லாரிகள் வரிசையாகப் போகும். அதில் ஒரு பங்கு உள்ளூர் ஷோரூம்களுக்கு. இன்னொரு பங்கு சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும். அங்கே கார்களை கிரேன் வைத்துத் தூக்கமாட்டார்கள். டிரைவர்கள் ஓட்டிக்கொண்டே கப்பலுக்குள் போய் நிறுத்திவிட்டு வருவார்கள். மாலில் இருக்கிற பல மாடி பார்க்கிங்கை அப்படியே பெயர்த்துக் கடலில் விட்டால் எப்படி இருக்கும், அதுதான் கார் கப்பல்.

அந்தப் பார்க்கிங்கைக் கண்டம் விட்டுக் கண்டம் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் இருபத்துச் சொச்சம் பேர். 2023 ஜூலையில் நெதர்லாந்து கரைக்குப் பக்கத்தில் ஃப்ரீமான்டில் ஹைவே என்ற கார் கப்பல் தீப்பிடித்தது. உள்ளே கிட்டத்தட்ட 3,800 கார்கள். தீ பரவிய வேகத்தில் சிலர் உயரமான டெக்கிலிருந்து கடலில் குதித்தார்கள். ஒருவர் இறந்தார். அவர் இந்தியர்.

இந்தச் செய்தியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன்னா இன்னைக்கு நாம் கேட்கப்போகிற கேள்வி இதுதான்: அப்படி ஒரு கப்பலில் வேலை பார்க்கப்போகிற பையனுக்கோ பொண்ணுக்கோ எவ்வளவை ஸ்கிரீனில் கற்றுக்கொடுக்கலாம், எவ்வளவை முடியவே முடியாது?

ஏன் இந்த எபிசோடு

கடந்த சில மாதமாக வருகிற வாய்ஸ் நோட்டுகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலும் இந்தப் பகுதியில் டிரெய்னியாகவோ கான்ட்ராக்டிலோ இருக்கிற தம்பிகள். நாலு பேர், ஆறு பேர் ஒரே ரூமில் தங்கி, ஷிஃப்டு மாற்றி ஷிஃப்டு தூங்குகிறவர்கள். ரீல்ஸில் விளம்பரம் வருகிறது. வெள்ளை யூனிஃபார்ம், நீலக் கடல், பின்னணியில் பாட்டு. "வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்கலாம், சில வாரத்தில் சர்டிபிகேட், கப்பலில் வேலை உறுதி." கீழே ஒரு வாட்ஸ்அப் நம்பர். கூப்பிட்டால் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். "அண்ணா, ஊர்ல நகையை வெச்சுக் கட்டலாமான்னு அம்மா கேக்குறாங்க, கட்டலாமா?" இதுதான் கேள்வி.

எனக்குக் கடல் பரிச்சயம் இல்லை. ஆனால் ஆன்லைன் பயிற்சி என் சாப்பாடு. நான் இருக்கிற டீம் தொழிற்சாலைகளுக்கான டிரெய்னிங் சாஃப்ட்வேர் எழுதுகிறது. ஒரு பாடத்தை மனிதர்கள் ஸ்கிரீனில் எப்படிப் படிக்கிறார்கள், எப்படிப் படித்த மாதிரி காட்டுகிறார்கள் என்று லாக்கில் பார்ப்பது என் தினசரி வேலை. அந்தக் கண்ணோடுதான் இதைப் பேசுகிறேன்.

நேரடிப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பல் படிப்பில் ஆன்லைனுக்கு உண்மையான, நல்ல இடம் இருக்கிறது. ஆனால் முழுக்க ஆன்லைனிலேயே படித்துவிட்டுக் கப்பல் ஏறலாம் என்று யாராவது சொன்னால், நம்பாதீர்கள். பணமும் கட்டாதீர்கள். ஏன் என்பதுதான் மீதி எபிசோடு.

ரூல் புக் என்ன சொல்லுது

கப்பல் வேலை என்பது உலகத்திலேயே கறாராக விதி எழுதப்பட்ட வேலைகளில் ஒன்று. அந்த விதிகளின் பெயர் எஸ்டிசிடபிள்யூ. கடலோடிகளுக்குப் பயிற்சி, சான்றிதழ், காவல் பணி இதுக்கெல்லாம் சர்வதேச அளவுகோல். ஐநாவின் கீழ் இருக்கும் சர்வதேச கடல்சார் அமைப்பு 1978-ல் கொண்டுவந்தது. 1995-ல் பெரிசாகத் திருத்தினார்கள். 2010-ல் மணிலாவில் மறுபடி திருத்தினார்கள். இந்தியாவில் இதை நடைமுறைப்படுத்துவது மும்பையில் இருக்கும் டிஜி ஷிப்பிங், அதாவது கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்.

கேப்டன் ஆகப்போகிறவரோ டெக் துடைக்கப்போகிறவரோ, கப்பலில் பொறுப்பு ஏற்கும் முன்னால் முடிக்கவேண்டிய அடிப்படைப் பாடங்கள் நாலு இருக்கின்றன. கடலில் உயிர் பிழைப்பது. தீயைத் தடுப்பதும் அணைப்பதும். முதலுதவி. நாலாவது, சொந்தப் பாதுகாப்பும் சக ஊழியர்களோடு நடந்துகொள்ளும் பொறுப்பும்.

இந்த நாலையும் ஒரு சாஃப்ட்வேர்காரனாகப் பார்க்கிறேன். நாலாவது பாடத்தைப் பெருமளவு ஆன்லைனில் வைக்கலாம். எண்ணெயைக் கடலில் கொட்டினால் என்ன ஆகும், மூடிய டேங்குக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏன் இறங்கக்கூடாது, பல நாட்டுக்காரர்கள் இருக்கிற மெஸ்ஸில் எப்படிப் பழகவேண்டும், இதெல்லாம் வீடியோவுக்கும் கேள்வி பதிலுக்கும் அழகாகப் பொருந்தும். முதலுதவியில் பாதி ஸ்கிரீனில் முடியும். மீதிப் பாதிக்கு ஒரு பொம்மையின் நெஞ்சை உங்கள் கை அழுத்தவேண்டும்.

முதல் இரண்டுக்கு வாங்க. உயிர் பிழைக்கும் பாடத்தில் நீங்கள் செய்து காட்டவேண்டியவை என்ன தெரியுமா? லைஃப் ஜாக்கெட் மாட்டுவது. இம்மர்ஷன் சூட் என்ற தடிமனான முழு உடையை மாட்டுவது. உயரத்திலிருந்து தண்ணீரில் பத்திரமாகக் குதிப்பது. தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கிற லைஃப் ராஃப்டை, லைஃப் ஜாக்கெட்டோடு நீந்திப் போய், நேராகத் திருப்பிப் போடுவது. தண்ணீரிலிருந்து அதற்குள் ஏறுவது. தீயணைப்புப் பாடத்தில் நிஜத் தீயை அணைக்கவேண்டும், மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு புகை நிறைந்த அறைக்குள் போய் வரவேண்டும்.

இதை எந்த ஆப்பில் செய்வீர்கள்? மழை நாளில் ரெயின்கோட் மாட்டவே பத்து நிமிஷம் ஆகிற நமக்கு, இம்மர்ஷன் சூட்டின் ஜிப் எங்கே சிக்கும் என்பது கைக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஃப்ரீமான்டில் ஹைவேயில் குதித்தவர்களுக்கு அந்த நிமிஷத்தில் யோசிக்க நேரம் இருந்திருக்காது. உடம்பு ஞாபகம் வைத்திருந்தது மட்டும்தான் உதவியிருக்கும்.

ஒரு முறை செய்துவிட்டால் ஆயுள் முழுக்கப் போதும் என்றும் விதி விடுவதில்லை. உயிர் பிழைப்பதிலும் தீயணைப்பிலும் திறமை குறையவில்லை என்று ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை நிரூபிக்கவேண்டும். கற்றது மறந்துபோகும் என்பதை ரூல் புக்கே ஒத்துக்கொள்கிறது என்பது இந்த விதியில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

2020-ல் நடந்தது

ஆனால் ஆன்லைன் வேண்டவே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மணிலா திருத்தங்களிலேயே தொலைதூரக் கல்வி, மின்வழிக் கல்வி இரண்டுக்கும் வழிகாட்டுதல் எழுதப்பட்டிருக்கிறது. சாரம் இதுதான்: பாடம் எந்த வழியில் போனாலும் தரம் ஒன்றாக இருக்கவேண்டும், மாணவருக்குச் சந்தேகம் கேட்க ஆள் இருக்கவேண்டும், தேர்வு எழுதுவது அவர்தானா என்று உறுதிப்படுத்தவேண்டும்.

இந்தியாவில் இது பெரிய அளவில் சோதிக்கப்பட்டது கொரோனா சமயத்தில். 2020-ல் பயிற்சி நிறுவனங்கள் மூடிக்கிடந்தன. ஆனால் கப்பல்கள் நிற்கவில்லை. நம்ம ஊருக்கு மருந்தும் எண்ணெயும் வந்துகொண்டுதான் இருந்தது. சான்றிதழ் காலாவதியானவர்களும், பதவி உயர்வுக்குப் படிக்கவேண்டியவர்களும் வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். அப்போதுதான் டிஜி ஷிப்பிங் மின்வழிப் பாடங்கள், அதன்மேல் பயிற்சி நிறுவனங்களின் இணையவழி வகுப்புகள் என்று ஒரு ஏற்பாட்டுக்கு வந்தது. 2020 ஜூலையில் கடலோடிகள் வீட்டிலிருந்தே எழுதும் இறுதித் தேர்வும் தொடங்கப்பட்டது.

இதில் அடுக்கைக் கவனியுங்கள். முதலில் நீங்களாகப் படிக்கும் பாடம், அப்புறம் ஆசிரியர் இருக்கும் வகுப்பு, அப்புறம் கண்காணிப்போடு தேர்வு. வெறும் வீடியோ பார்த்தால் சர்டிபிகேட் இல்லை. ராமேஸ்வரத்தில் இருக்கிற ஒருவர் ஒரு தியரித் தேர்வுக்காக மும்பையில் ரூம் எடுத்துத் தங்கவேண்டிய செலவு மிச்சம். அது சின்ன விஷயம் இல்லை. கரையில் இருக்கிற மாதங்களில் பெரும்பாலான கடலோடிகளுக்குச் சம்பளம் கிடையாது. படிப்புக்காக வெளியூரில் தங்கும் ஒவ்வொரு நாளும் சொந்தக் காசு.

எங்கே ஆன்லைன் நிஜமாவே ஜெயிக்குது

மூணு இடம் சொல்றேன்.

முதல் இடம், விதிகள். கடலில் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க 1972-ல் எழுதப்பட்ட சர்வதேச விதிகள் இருக்கின்றன. இரண்டு இயந்திரக் கப்பல்கள் குறுக்கே வந்தால், எந்தக் கப்பலுக்கு மற்றது வலது பக்கம் தெரிகிறதோ அதுதான் வழிவிடவேண்டும். வாக்கியமாகப் படித்தால் தூக்கம் வரும். அனிமேஷனில், இருட்டில், சிவப்பு பச்சை விளக்கு மட்டும் தெரிகிற மாதிரி நூறு விதமாகக் காட்டி "இப்ப நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டால் மண்டையில் ஏறும். புத்தகமும் கரும்பலகையும் இதில் தோற்றுவிடும்.

இரண்டாவது இடம், மொழி. கப்பலில் பேச சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-ல் ஒரு வாக்கியத் தொகுப்பையே ஏற்றுக்கொண்டது. இலக்கண ஆங்கிலம் இல்லை அது. குழப்பம் வராத, சுருக்கமான கட்டளை ஆங்கிலம். தமிழ் மீடியத்தில் படித்த ஒரு தம்பிக்கு இங்கிலீஷ் என்றாலே வகுப்பில் எழுந்து நிற்கப் பயம். அதே தம்பி ரூமில் ஹெட்போன் போட்டு, பிலிப்பைன்ஸ்காரர், ரஷ்யர், சீனர் பேசுகிற உச்சரிப்பை முப்பது தடவை கேட்டு, தானும் சொல்லிப் பதிவு செய்து பார்க்கலாம். யாரும் சிரிக்கமாட்டார்கள்.

மூணாவது இடம், அடிப்படை அறிவியல். இதற்குப் பணமே வேண்டாம். 2003-ல் ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கிய என்பிடெல்லில் கப்பல் கட்டுமானம், நீரியக்கம், வெப்ப இயக்கவியல் எல்லாம் இலவசமாகக் கிடக்கிறது. கப்பல் ஏன் கவிழாமல் நிற்கிறது, சரக்கை மேலே அடுக்கினால் ஏன் ஆட்டம் மாறுகிறது என்பதைப் பஸ்ஸில் வரும்போதே கேட்கலாம். இதில் சர்டிபிகேட் வாங்கினால் கப்பலில் வேலை கிடைக்காது. ஆனால் நுழைவுத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் உதவும். இந்தத் துறை உங்களுக்குப் பிடிக்குமா என்றும் நகையை வைக்கும் முன்னாலேயே தெரிந்துவிடும்.

கடலுக்குப் போனபிறகும் படிப்பு ஸ்கிரீனில்தான் தொடருகிறது. நார்வேயின் சீகல், இங்கிலாந்தின் வீடியோடெல் என்று கப்பலுக்குப் பயிற்சிப் படங்களும் கணினிப் பாடங்களும் அனுப்பிக்கொண்டிருந்த கம்பெனிகள் இன்று ஓஷன் டெக்னாலஜீஸ் குழுமம் என்ற ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன.

சிடி அனுப்பினாங்க

இப்போது மறுபக்கம். ஸ்கிரீன் மட்டும் போதும் என்று ஒரு பெரிய அமைப்பு முடிவெடுத்தால் என்ன ஆகும்? அதற்கு நிஜ உதாரணம் இருக்கிறது. அது சாதாரண அமைப்பு இல்லை, அமெரிக்கக் கடற்படை.

அங்கே போர்க்கப்பலுக்குப் போகும் இளம் அதிகாரிகளுக்குக் கரையில் மாதக்கணக்கில் வகுப்பு நடக்கும். 2003-ல் செலவைக் குறைக்க அந்த வகுப்பை நிறுத்தினார்கள். அதற்குப் பதில் சிடிக்கள். கப்பலுக்கு நேராகப் போ, வேலைக்கு நடுவில் சிடி போட்டுப் படித்துக்கொள். பின்னால் கரை வகுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

2017 ஜூனில் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஜப்பானுக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் கப்பலோடு மோதியது. 7 பேர் இறந்தார்கள். இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், ஜான் மெக்கெயின் என்ற இன்னொரு போர்க்கப்பல் சிங்கப்பூருக்குப் பக்கத்தில் ஒரு டேங்கரோடு மோதியது. 10 பேர் இறந்தார்கள். சிடிதான் மோதலுக்குக் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. தூக்கமின்மை, மேற்பார்வைக் குறைவு என்று காரணங்கள் பல. ஆனால் மெக்கெயினில் கப்பலைத் திருப்பும் கட்டுப்பாடு டச் ஸ்கிரீனில் இருந்தது, அது எந்த மேசையில் இருக்கிறது என்பதில் குழப்பம் வந்தது, அந்த அமைப்பைப் பற்றிப் போதிய பயிற்சி இல்லை என்று விசாரணை சொன்னது. இரண்டு மோதலுக்குப் பிறகும் அமெரிக்காவில் பயிற்சி பற்றிய விவாதத்தில் அந்தப் பழைய சிடிக்களின் கதையும் திரும்ப வந்தது.

இது நம்ம காரிடாரில் இருக்கிறவர்களுக்குப் புதுசு இல்லை. நல்ல கார் ஃபேக்டரிகளில் டோஜோ என்று ஒரு அறை இருக்கும். புதுசாக வந்த ஆளை நேராக லைனில் விடமாட்டார்கள். முதலில் ஸ்லைடு. அப்புறம் டோஜோவில் நிஜமான போல்ட், நிஜமான டார்க் ரெஞ்ச். கை சரியாக வரும்வரை அங்கேதான். ஸ்லைடு பார்த்தாச்சு, லைனுக்குப் போ என்று சொல்கிற சூப்பர்வைசரை உங்களுக்கே பிடிக்காது. கப்பலில் டோஜோவுக்குப் பெயர் சிமுலேட்டர், நீச்சல் குளம், தீயணைப்புக் கூடம். ரேடார் பயிற்சியைச் சிமுலேட்டரில்தான் நடத்தவேண்டும் என்று 1995 திருத்தத்திலேயே கட்டாயமாக்கிவிட்டார்கள்.

டெவலப்பராக ஒரு உண்மையும் சொல்றேன். எல்லாப் பயிற்சி ஆப்பிலும் "நிறைவு 100 சதவீதம்" என்று ஒரு பச்சை டிக் வரும். லாக்கைத் திறந்து பார்த்தால், நாற்பது நிமிஷப் பாடத்தை ஆறு நிமிஷத்தில் முடித்திருப்பார்கள். சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவரை, ஓய்வு நேரத்தில் பாடத்தை முடி என்றால் வேறென்ன பண்ணுவார்? கப்பலில் ஒரு நாளுக்குக் குறைந்தது 10 மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வு என்று விதி இருக்கிறது. வேலை நேரத்தில் பாடத்துக்கு இடம் ஒதுக்காமல் விட்டால், அது அந்த ஓய்விலிருந்துதான் திருடப்படும். அப்புறம் பாடமும் இல்லை, தூக்கமும் இல்லை.

சர்வர் சேர்க்கலாம், கட்டில் சேர்க்க முடியாது

விளம்பரம் உங்களிடம் மறைக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த எபிசோடில் ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வையுங்கள்.

கப்பல் அதிகாரி ஆக வகுப்பு முடித்தால் மட்டும் போதாது. கேடட்டாகக் கடலில் மாதங்கள் கழிக்கவேண்டும். டிஎன்எஸ் என்ற ஓராண்டு டெக் டிப்ளமோ படித்தவருக்கு 18 மாதக் கடல் அனுபவம் வேண்டும். ஒவ்வொரு வேலையையும் செய்து, மூத்த அதிகாரியிடம் பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கவேண்டும். அப்புறம்தான் தகுதித் தேர்வு.

ஆன்லைன் வகுப்பில் ஆயிரம் பேர் கூடுதலாக வந்தால் நாங்கள் இன்னொரு சர்வரைச் சேர்த்துவிடுவோம். கப்பலில் கேடட்டுக்கு இருப்பது ஒன்றிரண்டு கட்டில். ஆக, நெரிசல் வகுப்பில் இல்லை, கட்டிலில். வகுப்பை மலிவாக்கி, வேகமாக்கி, லட்சம் பேருக்குக் கொடுத்தாலும் கட்டில் எண்ணிக்கை மாறாது. படித்து முடித்துவிட்டுக் கப்பல் கிடைக்காமல் மும்பையில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிற பிள்ளைகள் இருப்பது இதனால்தான். அந்த இடைவெளியில்தான் ஏஜென்டுகள் பிழைக்கிறார்கள்.

அதனால் கேட்கவேண்டிய முதல் கேள்வி "ஃபீஸ் எவ்வளவு?" இல்லை. "பயிற்சி முடிந்தால் எந்தக் கப்பல் கம்பெனி என்னைக் கேடட்டாக எடுக்கும், அதை எழுத்தில் கொடுப்பீர்களா?" என்பதுதான்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006-ல் உருவான கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-ல் ஏற்றது. அதன்படி வேலை வாங்கித்தருவதற்குக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக்கூடாது. மருத்துவச் சான்று, கடலோடி அடையாளப் புத்தகம், பாஸ்போர்ட் இந்த மாதிரி செலவுகள் உங்களுடையது. விசா செலவு கூட கப்பல் உரிமையாளருடையது. ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு டிஜி ஷிப்பிங் கொடுக்கும் ஆர்பிஎஸ்எல் என்ற உரிமம் இருக்கவேண்டும்.

ஆகவே நாலு சோதனை. பயிற்சி நிறுவனம், அதுவும் நீங்கள் சேரப்போகிற அதே கோர்ஸ், டிஜி ஷிப்பிங் இணையதளத்தில் இருக்கும் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? ஆள் எடுக்கும் கம்பெனியின் உரிமம் அங்கேயே தேடினால் வருகிறதா? நேரில் போய்ப் பார்க்க நீச்சல் குளம், தீயணைப்புக் கூடம், பட்டறை இருக்கிறதா, இல்லை வாடகை ஆபீஸில் ஒரு மேசையும் போஸ்டரும் மட்டுமா? பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார்களா? ஒன்றில் இடறினாலும் விலகிவிடுங்கள்.

இங்கேயிருந்து நிஜமான வழிகள்

சரி, பயமுறுத்தியாச்சு. வழியும் சொல்லணும் இல்லையா?

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்களுக்கு ஐஎம்யூ நடத்தும் பொது நுழைவுத் தேர்வு. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் 2008-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. அதன் தலைமையகம் டெல்லியிலோ மும்பையிலோ இல்லை. நம்ம ஈசிஆரில், செம்மஞ்சேரியில் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் கானாத்தூரில் 1993-ல் தொடங்கிய ஆமெட். கடலே தெரியாத நம்ம காரிடாரில் கூட, பென்னலூரில் இருக்கிற ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரியில் மரைன் இன்ஜினியரிங் இருக்கிறது.

மெக்கானிக்கல் டிகிரி முடித்தவர்களுக்கு ஜிஎம்இ என்ற பட்டதாரிப் படிப்பு. எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ அல்லது டிகிரி இருந்தால் இடிஓ, அதாவது கப்பலின் எலக்ட்ரோ டெக்னிக்கல் அதிகாரி. இந்தப் பதவிக்கான தகுதியை உலக அளவில் வரையறுத்ததே 2010 மணிலா திருத்தம்தான். பிஎல்சியும் சென்சாரும் மோட்டார் டிரைவும் தினமும் தொடுகிற ஒரகடம் மெயின்டனன்ஸ் ஆளுக்கு இது ரொம்ப அந்நியம் இல்லை. பத்தாவது தகுதியில் ஜிபி ரேட்டிங், ஆறு மாதம். எல்லாவற்றுக்கும் மதிப்பெண், வயது, பார்வை, உடல்தகுதி நிபந்தனைகள் உண்டு. நிறக்குருடு சோதனையை முதலில் முடியுங்கள். கட்டணம் கட்டியபிறகு அதில் விழுந்தவர்களின் கதை கொடுமை.

இன்னொன்று. கடல்சார் வேலை என்றால் கப்பல் ஏறுவது மட்டும் இல்லை. கன்டெய்னர் யார்டு, சரக்கு முன்பதிவு, சுங்க ஆவணம், துறைமுகத் திட்டமிடல் எல்லாம் அதே கடலின் கரைப் பக்கம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் மப்பேட்டில் பல்முனை சரக்குப் பூங்காவுக்கு 2022-ல் அடிக்கல் நாட்டினார்கள். இந்த வேலைகளுக்கு நீச்சல் குளம் தேவையில்லை. ஆவணம், விதி, சாஃப்ட்வேர் என்பதால் ஆன்லைன் படிப்பு இங்கே முழு வீச்சில் வேலை செய்யும். ஊரை விட்டு ஒன்பது மாதம் பிரிந்திருக்க மனசு இல்லாதவர்கள் இதைத் தாராளமாக யோசிக்கலாம்.

நம்ம மாதிரி கோடு எழுதுறவங்களுக்கு

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேர் ஐடி. உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். கடல் பயிற்சிக்கு ஆப் எழுதப்போனால் நடுக்கடலை மனசில் வையுங்கள். 2024 டிசம்பரிலிருந்து அமலுக்கு வந்த உடன்படிக்கைத் திருத்தம், முடிந்தவரை கப்பலில் இணைய வசதி தரவேண்டும் என்கிறது. இருந்தாலும் நெட் போய்ப் போய் வரும். வீட்டுக்கு வீடியோ கால் பேசுகிற டேட்டாவை உங்கள் ஆப் தின்னக்கூடாது. நெட் இல்லாமலே ஓடி, கிடைக்கும்போது ஒத்திசையவேண்டும். கருத்தைத் தமிழில் புரியவைத்துவிட்டு, கட்டளையை ஆங்கிலத்தில் பழக்குங்கள். எத்தனை சதவீதம் முடித்தார் என்று காட்டுவதை விட, எந்தச் சூழ்நிலையில் திரும்பத் திரும்பத் தப்பு பண்ணுகிறார் என்று ஆசிரியருக்குக் காட்டுங்கள். அப்போது அந்த ஆசிரியர் குளத்தங்கரையில், சிமுலேட்டரில், அந்தத் தப்பின் மேலேயே நேரம் செலவழிப்பார்.

அப்படிப் பார்த்தால் ஆன்லைனின் பெரிய லாபம், தியரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தண்ணீருக்கும் தீக்கும் அதிக நேரத்தை மிச்சம் பிடித்துக்கொடுப்பது. அந்த நேரத்தையும் சேர்த்து வெட்டி லாபம் பார்க்கிறவர்கள் கையில் அதே ஆன்லைன் ஆபத்து.

இந்த எபிசோடை கப்பல் கனவோடு இருக்கிற ஒருத்தருக்கு அனுப்புங்க, முடிஞ்சா அவங்க வீட்டில் பணத்தைப் புரட்டுறவங்களுக்கும் சேர்த்து. நீங்க ஏற்கெனவே கடலில் இருக்கீங்கன்னா, நெட் வரும்போது ஒரு வாய்ஸ் நோட் போடுங்க. பயிற்சியில் சொல்லித்தராமல் கப்பலில் கத்துக்கிட்டது எதுன்னு சொல்லுங்க, வேற எபிசோடில் அதைப் பேசுவோம். பத்திரமா இருங்க.